வயிறு நிறைந்தும் வளராத குழந்தை

ஒரே தாய் வயிற்றில் ஒன்றாகப் பிறந்த இரட்டைக் குழந்தைகள். ஒரே குடிசை. ஒரே பானையில் காய்ச்சிய சோளக் கஞ்சி. ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒன்றரை வயதில் ஒரு குழந்தை முற்றத்தில் ஓடி விளையாடுகிறது. மற்றொரு குழந்தையோ காலெல்லாம் வீங்கி, முடி செம்பட்டையாகி, அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மாவின் மடியில் கிடக்கிறது.

இது எப்படி நடக்கும்? கஞ்சி போதவில்லை என்றால் இருவருக்கும்தானே போதாமல் இருக்க வேண்டும்?

இது நான் கற்பனையாகப் போட்ட கணக்கு அல்ல, மாணவர்களே. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் இப்படிப்பட்ட இரட்டையர்கள் பலர் இருந்தார்கள். இந்தப் புதிருக்கு விடை தேடிப் போன அறிவியலாளர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் குழந்தையின் குடல்.

அங்கே போவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் படிவத்தில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், சாப்பாடு இல்லாமல் மெலிந்துபோன பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தால் சரியாகிவிடும்தானே?" நான் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பிறகு இதைப் பற்றிப் படித்தபோதுதான் நான் சொன்னது பாதி விடை என்று தெரிந்தது. மீதி விடையை இந்த வாரம் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பிங்பாங் பந்தைவிட மெல்லிய கை

முதலில் பிரச்சினையின் அளவைத் தெரிந்துகொள்வோம். 2022ஆம் ஆண்டில் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 45 மில்லியன் பேர் தங்கள் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்திருந்தார்கள் என்று யூனிசெஃப், உலகச் சுகாதார நிறுவனம், உலக வங்கி ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு சொல்கிறது. அவர்களில் 13.6 மில்லியன் பேர் கடுமையாக மெலிந்தவர்கள்.

கடுமை என்பதை எப்படி அளப்பது? சுகாதாரப் பணியாளர்கள் ஒரு வண்ண நாடாவை வைத்திருப்பார்கள். குழந்தையின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அதைச் சுற்றி அளப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு அந்தச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஆபத்து. உங்கள் பள்ளியில் இருக்கும் பிங்பாங் பந்தை எடுத்து நூலால் சுற்றி அளந்து பாருங்கள். ஏறக்குறைய 12.6 சென்டிமீட்டர் வரும். அந்தப் பந்தைவிட மெல்லிய கை. அதுதான் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. சில குழந்தைகள் மெலிவதற்குப் பதிலாக வீங்குவார்கள். பாதத்தில் நீர் கோத்துக்கொள்ளும், வயிறு உப்பும், தோல் உரியும், முடியின் நிறம் மாறும். பார்ப்பவர்களுக்குக் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது சதை அல்ல, நீர்.

இந்த நோயை மருத்துவ உலகுக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர். ஜமைக்காவில் பிறந்த இவர், இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது 1933இல் இதைப் பற்றி எழுதினார். 1935இல் அந்த ஊர் மக்களின் கா மொழியில் வழங்கிய பெயரையே நோய்க்கும் வைத்தார்: குவாஷியார்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்படும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அந்தத் தாய்மார்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்! நோய் எப்போது தொடங்குகிறது என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

தாய்ப்பால் நின்று வெறும் சோளக் கஞ்சி தொடங்குவதால் புரதம் குறைகிறது, அதனால் இந்த நோய் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். உங்கள் பாடநூலிலும் 'குவாஷியார்கர் என்றால் புரதக் குறைவு' என்று படித்திருக்கலாம். ஆனால் 1968இல் ஓர் இந்திய மருத்துவர் இந்த விளக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். சேலத்தில் பிறந்து, ஹைதராபாத்தில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய டாக்டர் சி. கோபாலன்தான் அவர். வீங்கிய குழந்தைகளுக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் உணவில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லையே என்று அவர் சுட்டிக்காட்டினார். உணவு ஒன்றாக இருந்தும் விளைவு வேறாக இருந்தால், உணவைத் தவிர வேறு ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும் அல்லவா?

குடலுக்குள் ஒரு குடியிருப்பு

அந்த 'வேறு ஏதோ ஒன்று' நம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது. நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 38 டிரில்லியன், அதாவது 38 லட்சம் கோடி என்று 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. நம் சொந்த உயிரணுக்களே ஏறக்குறைய 30 டிரில்லியன்தான்! இந்தப் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

பாக்டீரியா என்றதும் கையைக் கழுவ ஓடாதீர்கள். இவற்றில் பல நமக்கு வேலை செய்பவை. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை இவை உடைத்து, குடல் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. சில வைட்டமின்களைத் தயாரிக்கின்றன. நோய்க்கிருமிகள் வந்து தங்க முடியாமல் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நம் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு யார் நண்பன், யார் எதிரி என்று பழக்குகின்றன.

இவை இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜெஃப்ரி கோர்டனின் குழு, ஒரு பாக்டீரியாகூட இல்லாத சுண்டெலிகளை வளர்த்து வருகிறது. காற்றும் உணவும் தண்ணீரும் கிருமி நீக்கப்பட்டு உள்ளே போகும் பிளாஸ்டிக் கூண்டுகளில் அவை பிறந்து வளர்கின்றன. 2004இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சாதாரண எலிகள் குறைவாகத் தின்றும் கிருமியற்ற எலிகளைவிட 42 விழுக்காடு அதிகக் கொழுப்பைச் சேர்த்து வைத்திருந்தன. கிருமியற்ற எலிகள் கூடுதலாகத் தின்றும் ஒட்டவில்லை!

வாய்க்குள் போகும் உணவு ஒரு கணக்கு. அதிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் சத்து வேறொரு கணக்கு. நடுவில் உட்கார்ந்து கணக்கை மாற்றுவது பாக்டீரியா. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மலாவிக்குத் திரும்புவோம்.

இரட்டையர் தந்த துப்பு

கோர்டனின் குழுவும் மலாவி மருத்துவர்களும் சேர்ந்து அந்நாட்டில் 317 இரட்டையர் சோடிகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஏன் இரட்டையர்? ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைக்க வேண்டும் என்று மாறிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மனிதக் குழந்தைகளை வைத்து அப்படிச் சோதனை செய்ய முடியாது. ஆனால் இரட்டையரிடம் தாய், வீடு, வயது, பானை எல்லாம் இயற்கையாகவே ஒன்றாக இருக்கின்றன.

2013இல் முடிவு வெளியானது. பாதிச் சோடிகள் நலமாகவே வளர்ந்தன. 7 விழுக்காட்டுச் சோடிகளில் இரு குழந்தைகளுக்குமே கடும் ஊட்டச்சத்துக் குறைவு. மீதி 43 விழுக்காட்டுச் சோடிகளில் ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது, மற்றொன்று நன்றாக இருந்தது. நாம் தொடக்கத்தில் பார்த்தது இந்த 43 விழுக்காட்டுச் சோடிகளில் ஒன்றைத்தான்.

குவாஷியார்கர் வந்த குழந்தையின் மலத்தைச் சோதித்தபோது, அதிலிருந்த பாக்டீரியாக் கூட்டம் உடன்பிறந்த குழந்தையுடையதுபோல் வளர்ச்சி அடைந்திருக்கவில்லை. நல்ல துப்புதான். ஆனால் ஒரு நல்ல மாணவர் இங்கேயே கையைத் தூக்க வேண்டும். "பாக்டீரியா கெட்டதால் நோய் வந்ததா? நோய் வந்ததால் பாக்டீரியா கெட்டதா?" இரண்டும் சேர்ந்து காணப்படுவதை வைத்து, ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மழை நாளில் குடைகள் அதிகம் தெரிகின்றன என்பதற்காகக் குடைதான் மழையை வரவழைக்கிறது என்று சொல்வோமா?

எலிக்கு இடம் மாறிய நோய்

இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கிருமியற்ற எலிகள் வந்தன. நோய் வந்த குழந்தையின் மல மாதிரியிலிருந்த பாக்டீரியாக்களை ஒரு கூண்டு எலிகளுக்குக் கொடுத்தார்கள். நலமாக இருந்த இரட்டைக் குழந்தையின் பாக்டீரியாக்களை இன்னொரு கூண்டு எலிகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு கூண்டுக்கும் ஒரே உணவு: மலாவி மக்கள் உண்பதுபோல் சோள மாவை முதன்மையாகக் கொண்டு தயாரித்த உணவு. இப்போது இரு கூண்டுக்கும் இடையே வேறுபடுவது பாக்டீரியா ஒன்றுதான்.

நோயுற்ற குழந்தையின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகள் மளமளவென்று எடை இழந்தன. குழந்தையிடம் கண்ட பாதிப்பின் ஒரு பகுதி பாக்டீரியாவோடு சேர்ந்து எலிக்கும் வந்துவிட்டது! அந்தப் பாக்டீரியாக் கூட்டமும் சத்துக் குறைந்த அந்த உணவும் கைகோத்துக்கொண்டபோதுதான் இந்தக் கடும் எடையிழப்பு ஏற்பட்டது என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து அந்த எலிகளுக்கு மருத்துவ உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். இது நிலக்கடலை, பால் மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாதுக்கள் சேர்த்த ஒரு பசை. இவ்வகை உணவில் முதலாவதாகப் புகழ்பெற்ற ப்ளம்பிநட் 1990களில் பிரான்சில் உருவாக்கப்பட்டது. 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கிலோகலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம், பொட்டலத்தைக் கிழித்து அப்படியே ஊட்டலாம். அதற்கு முன்பு மருத்துவமனையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்த குழந்தைகளை இந்தப் பசை வந்தபின் வீட்டிலேயே காப்பாற்ற முடிந்தது. அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

எலிகளும் இந்த உணவால் தேறின. ஆனால் பழைய சோள உணவுக்குத் திரும்பியதும் முன்னேற்றம் நிலைக்கவில்லை. மலாவிக் குழந்தைகளிடமும் இதே கதைதான். மருத்துவ உணவு கொடுத்தவரை குடல் பாக்டீரியாக்களின் செயல்பாடு முன்னேறியது. நிறுத்தியதும் பின்னோக்கிப் போனது. உயிர் பிழைத்த குழந்தைகளில் பலர் உயரம் குன்றியே நிற்பதும், சிலர் திரும்பத் திரும்ப நோய்வாய்ப்படுவதும் ஏன் என்பதற்கு இங்கே ஒரு காரணம் தெரிகிறது.

குடலுக்கும் வயது உண்டு

பாக்டீரியாக் கூட்டம் 'வளர்ச்சி அடையவில்லை' என்றேன். அதற்கு என்ன பொருள்?

வங்காளதேசத் தலைநகர் டாக்காவில் மீர்பூர் என்ற நெருக்கமான குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே நலமாக வளர்ந்த 50 குழந்தைகளின் மல மாதிரிகளை, பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை மாதந்தோறும் சேகரித்தார்கள். டாக்காவிலுள்ள அனைத்துலக வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தின் டாக்டர் தஹ்மீத் அகமதுவும் கோர்டனும் இந்தப் பணியில் இணைந்து நின்றார்கள்.

குழந்தைக்கு முதலில் பல் முளைக்கும், பிறகு நடக்கும், பிறகு பேசும் என்று ஒரு வரிசை இருப்பதுபோல், குடல் பாக்டீரியாக்களும் ஒரு வரிசைப்படி வந்து குடியேறுவதை அவர்கள் கண்டார்கள். முதலில் பால் உண்ணும் வகைகள். சோறும் பருப்பும் காய்கறியும் சேரச் சேர, அவற்றை உடைக்கத் தெரிந்த வகைகள். இவற்றில் வயதைக் காட்டிக்கொடுக்கும் 24 வகைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் அளவை வைத்தே ஒரு குழந்தையின் 'குடல் வயதை'க் கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். இந்த ஆய்வு 2014இல் வெளியானது.

அந்த அளவுகோலைக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளிடம் வைத்துப் பார்த்தபோது, அவர்களின் குடல் பாக்டீரியாக் கூட்டம் அவர்களைவிட இளையதாக இருந்தது. குழந்தைக்கு வயது ஏறுகிறது, குடலுக்கு ஏறவில்லை. வழக்கமான உணவு மருத்துவம் இந்த இடைவெளியை ஓரளவுக்குத்தான் குறைத்தது. அதுவும் நிலைக்கவில்லை.

இதை நினைத்துப் பாருங்கள். ஒரு தொழிற்சாலைக்கு லாரி லாரியாக மூலப்பொருள் வந்து இறங்குகிறது. ஆனால் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஆட்கள் இன்னும் வேலைக்கு வரவில்லை. வாசலில் மூட்டை குவிந்து என்ன பயன்?

ஆட்களை அனுப்பி வைத்தால் வேலை நடக்குமா? 2016இல் வெளியான ஆய்வில் அதையும் எலிகளிடம் சோதித்தார்கள். வளர்ச்சி குன்றிய மலாவிக் குழந்தைகளின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகள் சரியாக வளரவில்லை. அவற்றோடு நலமான குழந்தைகளின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகளுக்கு ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும் பழக்கம் உண்டு. முகம் சுளிக்காதீர்கள், அந்தப் பழக்கம்தான் இங்கே உதவியது! நல்ல பாக்டீரியாக்கள் அப்படியே பரவி, குன்றிய எலிகளின் வளர்ச்சியைச் சீராக்கின. குறிப்பிட்ட இரண்டு பாக்டீரியா வகைகளை மட்டும் சேர்த்தபோதும் வளர்ச்சி மேம்பட்டது.

முதல் குடிகளின் உணவு தாய்ப்பால்

குடியேறும் வரிசையில் முதலில் வருபவை பால் உண்ணும் வகைகள் என்று பார்த்தோம். அவற்றுக்கு உணவு எங்கிருந்து வருகிறது?

தாய்ப்பாலில் ஒரு வியப்பு இருக்கிறது. அதில் லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடி மிகுதியாக இருக்கும் திடப்பொருள், ஒருவகைச் சிக்கலான சர்க்கரைச் சங்கிலி. குழந்தையால் அதைச் செரிக்கவே முடியாது. பிள்ளைக்கு உதவாத பொருளைத் தாயின் உடல் ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தயாரிக்கிறது? அது பிள்ளைக்கு அல்ல, பிள்ளையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியம் என்ற வகைக்கு! அவற்றுள் 'இன்ஃபான்டிஸ்' என்ற இனம் இந்தச் சர்க்கரையை உண்பதில் கெட்டிக்காரன். அது அதைத் தின்று அமிலங்களை வெளியிட, நோய்க்கிருமிகளுக்குக் குடலில் வாழ்வது கடினமாகிறது. வங்காளதேசத்தில் கடும் ஊட்டச்சத்துக் குறைவுக்கு ஆளான ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்த இனம் மிகவும் குறைந்திருந்தது. அதைக் கொடுத்துப் பார்த்தபோது எடை கூடுவது மேம்பட்டது என்று 2022இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

இங்கே சிசிலி வில்லியம்ஸை மறுபடியும் சந்திப்போம். அவர் 1936இல் எங்கே மாற்றப்பட்டார் தெரியுமா? நம் மலாயாவுக்கு! சிங்கப்பூரில் பணியாற்றியபோது, தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டும் பழக்கம் விளம்பரங்களால் பரவுவதைக் கண்டு கொதித்துப்போனார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே பேசினார். பின்னர் திரெங்கானுவில் பணி. ஜப்பானியர் படையெடுத்தபோது அங்கிருந்து சிங்கப்பூருக்குத் தப்பி வந்து, சாங்கி சிறையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். தாய்ப்பால் குடலில் யாருக்கெல்லாம் உணவாகிறது என்பது அவர் காலத்தில் இவ்வளவு விளக்கமாகத் தெரியாது. ஆனாலும் அதைப் பறித்தால் பிள்ளை என்ன ஆகும் என்பதைத் தம் கண்ணால் பார்த்தே அவர் புரிந்துகொண்டிருந்தார்.

பாக்டீரியாவுக்குச் சமைத்த உணவு

தாய்ப்பால் குடிக்கும் பருவம் கடந்த குழந்தைக்கு என்ன செய்வது? ஒவ்வொரு குழந்தைக்கும் பாக்டீரியாவைப் புட்டியில் அடைத்துக் கொடுப்பதைவிட, அங்கே ஏற்கெனவே சிறிதளவு இருக்கும் நல்ல வகைகளுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து அவற்றைப் பெருக்கலாமே என்று டாக்கா, செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் யோசித்தார்கள்.

வங்காளதேச மக்கள் வழக்கமாக உண்ணும், எளிதில் கிடைக்கும் உணவுகளைப் பட்டியலிட்டு, எது எந்தப் பாக்டீரியாவை வளர்க்கிறது என்று முதலில் எலிகளிடமும் பிறகு பன்றிக்குட்டிகளிடமும் சோதித்தார்கள். கிடைத்த சேர்க்கைகளில் மூன்றைக் குழந்தைகளிடம் சிறிய அளவில் ஒப்பிட்டார்கள். 2019இல் ஒன்று முன்னுக்கு வந்தது. அதில் என்ன இருந்தது தெரியுமா? கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை மாவு, பச்சை வாழைக்காய். இவற்றோடு சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாதுக்கள். நம்மூர் கச்சாங் பூத்தே வண்டியிலும் ஈரச் சந்தையிலும் கிடைக்கும் பொருள்கள்தான்!

அடுத்து முறையான மருத்துவச் சோதனை. மீர்பூரில் 12 முதல் 18 மாதம் வரையிலான, மிதமான ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஒரு குழுவுக்குப் புதிய உணவு; மற்றொன்றுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள துணை உணவு. நாள்தோறும் இரண்டு வேளை, மூன்று மாதம். குழுவுக்கு 59 பேர் என மொத்தம் 118 குழந்தைகள் சோதனையை நிறைவு செய்தார்கள்.

ஒரு செய்தியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். புதிய உணவில் நாளொன்றுக்கு 204 கிலோகலோரி. பழைய உணவில் 247. கலோரிக் கணக்கு மட்டும் பார்த்தால் பழைய உணவுதான் வெல்ல வேண்டும்.

2021இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. உயரத்துக்கேற்ற எடையை அளக்கும் குறியீடு, புதிய உணவை உண்ட குழந்தைகளிடம் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் உயர்ந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது எலும்பு வளர்ச்சியோடும் மூளை வளர்ச்சியோடும் தொடர்புடைய புரதங்கள் கூடியிருந்தன. குழந்தையின் எடையோடு சேர்ந்து உயர்ந்த 21 பாக்டீரியா வகைகளும் அடையாளம் காணப்பட்டன. பிந்திய ஆய்வுகள் அவற்றுள் ப்ரிவோடெல்லா கோப்ரி என்ற வகையின் சில இனங்களைச் சிறப்பாகச் சுட்டிக்காட்டின. கடலையிலும் வாழைக்காயிலும் இருக்கும், நம்மால் செரிக்க முடியாத சர்க்கரைச் சங்கிலிகளை உடைப்பது இவற்றின் திறமை.

குறைந்த கலோரி, கூடுதல் வளர்ச்சி. தொழிற்சாலை உவமைக்குத் திரும்பினால், மூட்டைகளைச் சற்றுக் குறைத்துக்கொண்டு ஆட்களுக்கும் சாப்பாடு போட்டார்கள். வேலை நடந்தது.

அவசரப்பட வேண்டாம்

இதைப் படித்துவிட்டு மூன்று அவசர முடிவுகளுக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது.

முதலாவது, 'அப்படியானால் உணவு முக்கியமில்லை' என்பது. தவறு. கை பிங்பாங் பந்தைவிட மெலிந்த குழந்தைக்கு உடனே தேவை மருத்துவ உணவும் மருத்துவமும்தான். நல்ல பாக்டீரியாவும் உணவின்றி வாழாது.

இரண்டாவது, 'கடையில் விற்கும் பாக்டீரியா மாத்திரை வாங்கினால் போதும்' என்பது. இங்கே நாம் பார்த்தவை குறிப்பிட்ட வயதில், குறிப்பிட்ட நிலையில் உள்ள குழந்தைகளுக்காக மருத்துவர் மேற்பார்வையில் செய்த சோதனைகள். உங்கள் வீட்டுக் குழந்தை மெலிந்திருந்தால் கொண்டுபோக வேண்டிய இடம் கிளினிக். கடைத்தெரு அல்ல. கடலை மாவைக் கரைத்து நீங்களே வைத்தியம் பார்ப்பதும் கூடாது. நிலக்கடலை சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்.

மூன்றாவது, 'எல்லாம் பாக்டீரியாவின் குற்றம்' என்பது. மீர்பூரிலும் மலாவியிலும் குழந்தைகளின் குடல் ஏன் தளர்ந்துபோகிறது? அசுத்தமான தண்ணீரும் கழிப்பறை வசதியின்மையும் ஓயாமல் கிருமிகளை உள்ளே அனுப்புகின்றன. வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வருகிறது. சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய புடைப்புகள் தட்டையாகிப் போகின்றன. இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்பது வறுமை. சுத்தமான தண்ணீர்க் குழாயும் ஒரு மருந்துதான்.

மீதி விடை

இனி என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். "சாப்பாடு கொடுத்தால் சரியாகிவிடும்தானே?"

சாப்பாடு கொடுத்தால் உயிர் பிழைக்கும், அம்மா. அது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் பிழைத்த பிள்ளை வளர வேண்டும், நடக்க வேண்டும், பள்ளிக்கு வந்து உன் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கு அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஊட்டினால் போதாது. அதன் குடலில் வாழும் கோடிக்கணக்கான குடிகளுக்கும் சேர்த்து ஊட்ட வேண்டும்.

அந்த இரட்டையரை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரே பானைக் கஞ்சிதான். ஆனால் உள்ளே அதை உண்டவர்கள் வேறு வேறு பேர். மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று பெயர் வைத்த தாய்மாரும், உணவு ஒன்றாயிருக்க விளைவு ஏன் வேறாகிறது என்று கேட்ட கோபாலனும், மாதந்தோறும் மல மாதிரி சேகரித்த டாக்காப் பணியாளர்களும் சேர்ந்துதான் இந்த விடையை நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். மல மாதிரி சேகரிப்பது பெருமையான வேலையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் அது ஒரு குழந்தையின் உயிரோடும் வளர்ச்சியோடும் தொடர்புடைய வேலை.

அடுத்த முறை உங்கள் ஆசிரியர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால், இன்னொரு முறை கையைத் தூக்குங்கள். மீதி விடை எங்கேயாவது காத்துக்கொண்டிருக்கும்.